அவசரமாக வீடு தேடும் ‘ரியாக்டிவ்’ நாயை வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்த மாதிரிச் செய்திகள் இரவில்தான் வரும். “அவசரம். இரண்டு வயதுப் பெண் நாய். உண்ணிக் காய்ச்சலிலிருந்து தேறி வருகிறது. பின்னங்கால் எலும்பு கூடிவிட்டது. காப்பகத்தில் இடமில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு வேண்டும். மற்ற நாய்களைக் கண்டால் ஆகாது. அனுபவமுள்ளவர்கள் மட்டும் அழைக்கவும்.” கீழே ஒரு படம். கம்பிக்குப் பின்னால், காதை மடித்துக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும் ஒரு செம்பட்டை நாய்.

எனக்கு அனுபவம் எதுவும் கிடையாது. சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசலில் மணி என்று ஒரு நாய் கிடந்தது. மீந்த சோற்றைத் தின்றது, வாலாட்டியது, ஒரு நாள் காணாமல் போனது. அந்த அனுபவம் நான் எடுத்துவந்த ரோசி விஷயத்தில் பத்துப் பைசாவுக்கு உதவவில்லை. அவள் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் இரண்டு மாதத்தில் நான் செய்த தவறுகளைப் பின்னால் எண்ணிப் பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாமே அவசரத்தில் செய்தவை. இடம் மாற்றுவதில் அவசரம் இருக்கலாம், அது காப்பகத்தின் நெருக்கடி. நாய் உங்கள் வாசற்படியைத் தாண்டிய பிறகு எதற்கும் அவசரமில்லை. இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்பகத்துக்காரர்கள் ‘ரியாக்டிவ்’ என்று சொல்வதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். வேறொரு நாயையோ, ஹெல்மெட் போட்ட ஆளையோ, சைக்கிளையோ பார்த்ததும் தேவைக்கு மேல் குரைத்து, பாய்ந்து, கயிற்றை இழுக்கிற நாய். பார்க்கிறவர்களுக்கு அது கோபமாகத் தெரியும். பெரும்பாலும் பயம்தான். ‘நீ கிட்ட வராதே’ என்பதை உரக்கச் சொல்கிறது. சில நாய்கள் பயமே இல்லாமல், கிட்டப் போக முடியாத எரிச்சலிலும் இப்படிக் குதிக்கும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

நாயைப் பார்க்கும் முன் உங்கள் மாடிப்படியைப் பாருங்கள்

பணம், நேரம், பொறுமை என்று எல்லோரும் சொல்வார்கள். அதெல்லாம் சரி. ஆனால் என்னை அதிகம் படுத்தியது எங்கள் மாடிப்படி. ஆதம்பாக்கத்தில் முதல் மாடிப் போர்ஷன். படி மூன்றடி அகலம். எதிரில் யார் வந்தாலும் ஒதுங்க வழியில்லை. இந்த மாதிரி நாய்க்கு முதல் மருந்தே தூரம்தான், அந்தப் படியில் அது கிடைக்காது. தனி வாசல் உள்ள வீடு, பின்பக்கம் சின்னக் காலியிடம், பூட்ட முடிகிற கேட், இவை இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டாலும் செய்யலாம், நான் செய்தேன். ஆனால் ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் முதலில் ஒருவர் இறங்கிப் பார்த்து, “யாரும் இல்ல, வா” என்று குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

வீட்டில் ஐந்தாறு வயதுக்குள் குழந்தை இருந்தால், கடித்த வரலாறுள்ள நாயை எடுக்காதீர்கள். பிள்ளைகள் ஓடும், கத்தும், தூங்குகிற நாய்மேல் விழும். அது அவர்கள் தப்பில்லை, நாயின் தப்புமில்லை. ஏற்கெனவே ஒரு நாயோ பூனையோ இருந்தால், இரண்டையும் மாதக்கணக்கில் தனித்தனி அறையில் வைக்க முடியுமா என்று யோசித்துவிட்டுப் பேசுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் ஹவுஸ் ஓனரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கக் கூடாது என்றோ லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றோ தடை போட முடியாது. அது அடுக்குமாடிச் சங்கத்துக்கு. உங்கள் வீட்டுக்காரரோடு உள்ள உறவு வேறு கதை. சட்டம் பேசி அங்கே வெல்லலாம், வாழ்வது கஷ்டம். எங்கள் வீட்டுக்கார அம்மா முதலில் சொன்னது: “தம்பி, நாய் வச்சுக்க. ஆனா அது என் துளசி மாடத்தாண்ட வரக் கூடாது.” அந்த ஒரு நிபந்தனையை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

உறுதியில்லையென்றால் தத்தெடுக்காதீர்கள், ஃபாஸ்டர் எடுங்கள். இரண்டு வாரம், ஒரு மாதம் என்று தற்காலிகமாக வைத்துக்கொள்வது. காப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நெருக்கடி தீரும், உங்களுக்கு நாயைத் தெரிந்துகொள்ள அவகாசம் கிடைக்கும்.

காப்பகத்தில்: எதைக் கேட்பது, எதை நம்புவது

கம்பிக்குப் பின்னால் பார்க்கிற நாயை வைத்து முடிவெடுக்காதீர்கள். சுற்றி நாற்பது நாய்கள் குரைக்கும் கூண்டில் எந்த நாயும் ஒழுங்காக இருக்காது. கூண்டில் ஆர்ப்பாட்டம் செய்கிற நாய் வெளியே வந்ததும் புல்லை முகர்ந்துகொண்டு நிற்பதுண்டு. நேர்மாறாக, கூண்டு மூலையில் அசையாமல் கிடக்கிற ‘சாது’ நாய், வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்துத் தைரியம் வந்ததும் பல்லைக் காட்டுவதும் உண்டு. நாயை வெளியே, அமைதியான இடத்தில், முடிந்தால் மூன்று வெவ்வேறு நாள்களில் பாருங்கள்.

முதல் நாள் நான் நேராகப் போய்க் குனிந்து கையை நீட்டினேன். உடன் இருந்த தன்னார்வலப் பெண் பதறிப்போய், “அண்ணா, நேரா பாக்காதீங்க. பக்கவாட்டுல உக்காருங்க, கை உங்க மடியிலேயே இருக்கட்டும்” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முழங்கைக்குப் பின்னால் ஈரமான மூச்சு ஒன்று பட்டது. திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. திரும்பவில்லை. அன்று அவ்வளவுதான். வலது காதில் சின்ன வெட்டு இருந்ததை அப்போதுதான் கடைக்கண்ணில் பார்த்தேன். கருத்தடை ஆன தெருநாய் என்பதற்கு அது அடையாளம்.

கேட்க வேண்டிய கேள்விகளில் முக்கியமானது கடித்த வரலாறு. “கடிக்குமா?” என்று கேட்டால் “இல்லை சார், பயந்த சுபாவம்” என்றுதான் பதில் வரும். அவர்கள் பொய் சொல்வதில்லை, நாய்க்கு இடம் கிடைக்க வேண்டுமே என்ற தவிப்பு. அதனால் கேள்வியை உடைத்துக் கேளுங்கள். யாரை? என்ன நடந்துகொண்டிருந்தபோது? பல் பட்டதா, தோல் கிழிந்ததா? எத்தனை முறை? நாய்ப் பயிற்சியாளர்கள் இதற்கு இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த 6 படி அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். பல் படாமல் காற்றில் கடிப்பது முதல் படி. பல் தோலில் பட்டும் ஓட்டை விழாதது இரண்டாவது. ஒரே கடியில் ஆழமில்லாத ஒன்று முதல் நான்கு ஓட்டை வரை மூன்றாவது. ஒரே கடியில் பல் ஆழமாக இறங்குவது, சிலசமயம் பிடியை விடாமல் இருப்பது நான்காவது. அதற்கு மேல் பல முறை கடித்தது, உயிரிழப்பு. முதல் இரண்டு படியென்றால் என்னைப் போன்ற புதியவர்கள் துணிந்து இறங்கலாம். மூன்றென்றால் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நான்கும் அதற்கு மேலும் அன்பு மட்டும் வைத்துக்கொண்டு கையில் எடுக்கிற விஷயமில்லை.

அப்புறம் எதைப் பார்த்தால் சீறும் என்று பட்டியல் கேளுங்கள். ஆண்கள், குச்சி, துடைப்பம், பைக், பூனை, கிட்டத்தில் வைத்த சோற்றுத் தட்டு என எதுவாகவும் இருக்கலாம். “எல்லாத்தையும் பாத்தா” என்றால் கொஞ்சம் கூடவே யோசியுங்கள்.

தேறி வருகிறது என்றால் எதிலிருந்து?

மருத்துவக் காகிதத்தைக் கையில் வாங்காமல் நாயை வாங்காதீர்கள். வலி இருக்கிற நாய் சீறும். ‘ரியாக்டிவ்’ நாய் என்று முடிவுக்கு வரும் முன்பு காது, பல், மூட்டு, தோல் இவற்றை மருத்துவர் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

நம் ஊர்க் காப்பகங்களில் அடிக்கடி பார்க்கிற நோய்கள் சில. உண்ணிக் காய்ச்சல்: எர்லிக்கியா என்ற கிருமி உண்ணி வழியாக இரத்தத்தில் ஏறும். தட்டணுக்கள் குறையும், ஈறு வெளுக்கும், சிலசமயம் மூக்கில் இரத்தம் வரும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக 28 நாள் தருவார்கள். பத்தாம் நாள் நாய் துள்ளிக் குதித்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. முழுதாகக் கொடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம், முடிந்ததும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சொறி: இதில் இரண்டு வகை. சார்கோப்டிக் சொறி மனிதர்களுக்கும் தற்காலிக அரிப்பைக் கொடுக்கும், டெமோடெக்ஸ் ஒட்டாது. எந்த வகை என்று தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில் பிழைத்த நாய்க்குத் தலையோ காலோ ஆயுசுக்கும் துடித்துக்கொண்டிருக்கலாம். அது பார்க்கத்தான் பயமாக இருக்கும். ஆனால் குணமான பிறகும் சில வாரங்கள், சிலசமயம் மாதங்கள்கூட, கிருமியை வெளியேற்றும் என்பதால் தடுப்பூசி போடாத குட்டிகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. தெருநாய்களுக்கு இனச்சேர்க்கையில் பரவும் ஒரு கட்டியும் உண்டு. வின்கிரிஸ்டின் ஊசி வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். ஊசி போட்ட ஓரிரு நாள் அதன் சிறுநீரைக் கையுறை போட்டுக்கொண்டு துடையுங்கள்.

வெறிநாய்த் தடுப்பூசி போட்ட தேதியைப் பாருங்கள், வருடம் தவறாமல் தொடருங்கள். சென்னை மாநகராட்சி எல்லையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், அதற்கும் இந்தச் சான்று வேண்டும். காசு பிரச்சினையென்றால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும். வரிசையில் மற்ற நாய்கள் அடுத்தடுத்து நிற்கிற இடம் உங்கள் நாய்க்குச் சோதனைக்களம். ஒருவர் டோக்கன் வாங்க, இன்னொருவர் நாயோடு தூரத்தில் நிற்பது நல்லது.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ ஐபுப்ரோஃபெனையோ கொடுக்காதீர்கள். நாய்க்கு அவை விஷமாகலாம்.

வருவதற்கு முன்

ஒரு மூலையைத் தயார் செய்யுங்கள். வீட்டு நடுவில் வேண்டாம், ஆள் குறுக்கே நடக்காத மூலையாக இருக்கட்டும். பழைய போர்வை, மண்சட்டியில் தண்ணீர் போதும். தெரு தெரிகிற ஜன்னலின் கீழ்ப்பாதியைப் பேப்பர் ஒட்டி மறைத்துவிடுங்கள். நாள் முழுக்க ஜன்னலில் நின்று போகிற வருகிறவர்களைக் குரைத்து விரட்டும் நாய், ‘நான் குரைத்தேன், அவர்கள் போய்விட்டார்கள்’ என்று தினம் நூறு தடவை பாடம் படித்துக்கொண்டிருக்கிறது.

கழுத்துப்பட்டை ஒன்று, மார்புப்பட்டை ஒன்று. இரண்டிலும் தனித்தனிக் கயிறு கட்டுங்கள். பயந்த நாய் பின்னால் இழுத்து, தலையை உருவிக்கொண்டு ஓடுவது நொடியில் நடக்கும். மெலிந்த முகமும் நீண்ட கழுத்தும் உள்ள சிப்பிப்பாறைக் கலப்புகளுக்குச் சாதாரணப் பட்டை நிற்கவே நிற்காது. இழுத்தால் ஓரளவு இறுகுகிற மார்ட்டிங்கேல் பட்டை கேட்டு வாங்குங்கள். கயிறு ஆறடி போதும். பொத்தானை அழுத்தினால் நீளும் கயிறு வேண்டவே வேண்டாம். இரும்புச் சங்கிலியும் வேண்டாம், அந்தச் சத்தமே பல நாய்களுக்குப் பழைய ஞாபகம்.

பட்டையில் பெயர் வேண்டாம், உங்கள் போன் எண் வேண்டும்.

முதல் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

காப்பகத்துக்காரர்கள் சொல்கிற கணக்கு இது. மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்று தோன்றும். விஞ்ஞானமெல்லாம் இல்லை, தோராயம்தான். ரோசிக்கு மூன்றாவது கட்டத்துக்கு ஏழு மாதம் ஆனது.

முதல் இரண்டு வாரம் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம். குளிப்பாட்ட வேண்டாம். கட்டிப்பிடிக்க வேண்டாம். கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். சாப்பாடு ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். காப்பகத்தில் என்ன தின்றதோ அதையே முதல் சில நாள் கொடுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வெங்காயம் போட்ட குழம்பு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு கூடாது. சிறுநீர், மலம் கழிக்க மட்டும் வெளியே. தெரு உலா பிறகு.

நான் நான்காம் நாளே தப்பு செய்தேன். பெரியம்மாவும் அண்ணன் குடும்பமும் நாய் பார்க்க வருகிறோம் என்றார்கள். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. ஆறு பேர் கூடத்தில். ரோசி மேசைக்கடியில். கொட்டாவி விட்டாள், நாக்கால் மூக்கை நக்கினாள், தலையைத் திருப்பிக்கொண்டாள். “பாவம், தூக்கம் வருது போல” என்றார் பெரியம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணன் மேசைக்குள் கையை விட்டுத் தலையைத் தடவப் போனபோது ஒரு கணம் அவள் அப்படியே உறைந்தாள். அடுத்த கணம் அண்ணனின் சட்டைக்கை கிழிந்திருந்தது. தோலில் படவில்லை. அவள் மூன்று தடவை மரியாதையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியவில்லை.

உறுமலுக்கு முந்தைய சொற்கள்

அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நாய் எடுத்ததும் கடிப்பதில்லை. தூக்கமில்லாதபோது கொட்டாவி, சாப்பாடு இல்லாதபோது உதடு நக்குதல், உடம்பு நனையாமலே சிலிர்த்து உதறுதல், முகத்தைத் திருப்புதல், கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிதல், ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்றல். இவை ஆரம்பம். அடுத்து உடம்பு விறைக்கும், வாய் மூடும், மூச்சு நின்றது போல இருக்கும். அந்த உறைதல்தான் உறுமலுக்கு முந்தைய கடைசி எச்சரிக்கை மணி. பிறகு உறுமல், பல், கடி. வாலாட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். வால் உயர்ந்து, விறைப்பாக, வேகமாக ஆடினால் அது சந்தோஷம் கிடையாது.

உறுமினால் அதட்டாதீர்கள், அடிக்காதீர்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமலை மட்டும்தான் நிறுத்தும், பயம் அங்கேயே இருக்கும். நாளைக்கு எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். உறுமினால் நீங்கள் ஒரு அடி பின்வாங்குங்கள், எதனால் என்று யோசியுங்கள்.

“நாய்க்கு நீ யாருன்னு காட்டணும், மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் பிடி” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். எனக்கு மூன்று பேர் சொன்னார்கள், ஒருவர் பயிற்சிக்குக் காசும் வாங்குகிறவர். மற்றவற்றை அடக்கி ஆள்கிறதுதான் கூட்டத்தின் தலைவன் என்கிற இந்த ‘ஆல்ஃபா’ கதை, 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று 1999-இல் அவரே எழுதித் திருத்தினார். திருத்தம் மட்டும் இங்கே வந்து சேரவில்லை.

தூரமும் ஈரலும்

இனிப் பயிற்சி. அடிப்படை ஒன்றே ஒன்று. பயப்படுகிற பொருள் தெரிகிறது, ஆனால் பயம் வராத தூரம். அந்தத் தூரத்தில் அது தெரிந்ததும் வாயில் மிகப் பிடித்த தின்பண்டம் வர வேண்டும். அது மறைந்ததும் தின்பண்டமும் நிற்க வேண்டும்.

கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து, பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கி, சின்ன டப்பாவில் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரலையே தினமும் நிறையக் கொடுக்கக் கூடாது, நடுவில் கோழிக்கறி, பனீர் என்று மாற்றுங்கள். பிஸ்கட் இந்த வேலைக்கு ஆகாது, சம்பளம் பத்தாது.

நாங்கள் தினம் காலை நாலே முக்காலுக்கு இறங்குவோம். பால் பாக்கெட் சைக்கிள் வருவதற்கு முன்பு. தெருக்கோடியில் ஒரு வெள்ளை நாய் படுத்திருக்கும், ரோசியின் பரம எதிரி. முதல் வாரம் அறுபதடி தூரத்தில், நிறுத்தியிருந்த ஆட்டோவின் பக்கவாட்டில் நின்றோம். ரோசி வெள்ளையனைப் பார்ப்பாள், நான் ஈரல் கொடுப்பேன். பார்ப்பாள், ஈரல். இப்படிப் பத்துத் தடவை, இரண்டே நிமிடம், திரும்பிவிடுவோம். ஒன்பதாவது நாள் வெள்ளையன் எழுந்து சோம்பல் முறித்தது. ரோசி அதைப் பார்த்தாள், பிறகு தானாகவே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ‘எங்கே என் ஈரல்?’ இந்தத் திரும்பலுக்குத்தான் காத்திருக்க வேண்டும். அது வந்தபிறகு ஐந்தடி முன்னால் போகலாம். ஐந்தடிதான்.

தூரம் சரியா என்று தெரிந்துகொள்ள வழி உண்டு. ஈரலை வாங்க மறுத்தாலோ, விரலோடு சேர்த்துப் பிடுங்கினாலோ நீங்கள் ரொம்பக் கிட்டே நிற்கிறீர்கள். உடனே விலகுங்கள். குரைக்க ஆரம்பித்த பிறகு பாடம் ஏறாது, அந்த நேரம் அங்கிருந்து போவது மட்டும்தான் வேலை. இதற்காகவே வீட்டுக்குள் ‘திரும்பு’ என்று ஒரு சொல்லைப் பழக்குங்கள். சொன்னதும் இருவரும் சட்டென்று எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும், நடந்ததும் தின்பண்டம். கூடத்தில் நூறு தடவை விளையாட்டாகச் செய்தால் தெருவில் ஒரு தடவை கைகொடுக்கும்.

ஒரே நாளில் பல பயங்கள் சேர்ந்தால் குவியும். காலையில் குப்பை வண்டி, மத்தியானம் கூரியர் ஆள், சாயங்காலம் பக்கத்து வீட்டில் டிரில்லிங் என்றால் இரவு ஒரு பல்லிக்குக்கூடச் சீறும். அப்படிப்பட்ட நாளுக்கு அடுத்த ஒன்றிரண்டு நாள் தெருவே வேண்டாம். மொட்டை மாடியில் பழைய துணிக்குள் உணவைச் சுருட்டிப் போட்டுத் தேட விடுங்கள். மோப்பம் பிடிக்கிற நாய் அடங்கும். உலாவை விட்டால் நாய் கெட்டுவிடும் என்று நினைத்து நான் அடைமழையிலும் இழுத்துக்கொண்டு போனேன். கெட்டது அப்படித்தான்.

வாய்க்கூடு

வாய்க்கூடு போட்ட நாயைப் பார்த்தால் கெட்ட நாய் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், தள்ளி நிற்பார்கள் இல்லையா? துணியால் வாயை இறுக்கிக் கட்டும் வகை வேண்டாம். நம் வெயிலில் நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிரவைக்கும், வாய் திறக்க முடியாவிட்டால் ஆபத்து. கூடை வடிவில், உள்ளே வாயை நன்றாகத் திறந்து தண்ணீர் குடிக்கவும் தின்பண்டம் வாங்கவும் முடிகிற அளவு வாங்குங்கள். அடியில் தயிர் தடவி, நாய் தானாக மூக்கை நுழைக்கட்டும். வாரைப் பூட்டுவது இரண்டாவது வாரத்தில். டாக்டரிடம் போகும் அன்றைக்கு முதன்முதலாக மாட்டினால் ஆயுசுக்கும் வெறுக்கும்.

வருகிறவர்கள்

விருந்தாளி வந்தால் நாய் வேறு அறையில், கதவு சாத்தி, மென்றுகொண்டிருக்க ஏதாவது கொடுத்து. இதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், எல்லோரையும் எல்லோருக்கும் அறிமுகப்படுத்தியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அடிக்கடி வரப்போகிற ஒருவருக்கு மட்டும் பழக்குங்கள். தெருவில் சந்தித்து, சேர்ந்து நடந்து, பிறகு சேர்ந்தே உள்ளே வருவது சுலபம். அவர் நாயைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தரையில் தின்பண்டத்தை வீசிவிட்டு டீ குடிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கார அம்மா இதில் கெட்டிக்காரர். “நான் ஏன் அதப் பாக்கணும், எனக்கு சீரியல் இருக்கு” என்பார். ரோசிக்கு வெளியாட்களில் முதலில் பிடித்துப்போனது அவரைத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் பல் பட்டுவிட்டால்: காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுவார்கள். தோல் கிழிந்து இரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் சேரும். நாயை 10 நாள் கண்காணியுங்கள். கடிபட்டவரிடம் மறைக்காதீர்கள்.

தீபாவளி

முதல் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் போங்கள். பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் உண்டு, ஆனால் ஒரு தடவை முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். உடம்பை மட்டும் அசையவிடாமல் செய்து பயத்தை அப்படியே விடுகிற தூக்க மருந்து வேண்டாமென்று சொல்லிக் கேளுங்கள். ஐப்பசியில் சாயங்காலம் நான்கு மணிக்கே வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். அதன் பிறகு வாசல் கதவு பூட்டு, ஜன்னல் சாத்தல், ஃபேன், டிவி. எங்கள் வீட்டில் குளியலறைதான் பதுங்குகுழி. நானும் தலையணையோடு அங்கேயே உட்கார்ந்தேன். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும் என்பது கட்டுக்கதை, அது கேட்டு வந்தால் தாராளமாகத் தடவுங்கள்.

முடியவில்லையென்றால்

நாலைந்து வாரம் ஒழுங்காகச் செய்தும் அசைவே இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் நடத்தைக்கான மருந்து பற்றிப் பேசுங்கள். ஃப்ளுவாக்ஸெடின் போன்றவை வேலை செய்யவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மருந்து நாயை மந்தமாக்க இல்லை, பாடம் ஏறுகிற நிலைக்குக் கொண்டுவர. பயிற்சியாளரைத் தேடும்போது “நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்?” என்று ஒரே கேள்வி போதும். முள் பட்டை, ஷாக், அதட்டல் என்று பதில் வந்தால் நன்றி சொல்லிப் போனை வையுங்கள்.

எடுக்கும்போதே காப்பகத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்: ஒத்துவராவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வார்களா, எத்தனை நாள் அவகாசம், தொடர் மருத்துவச் செலவு யாருடையது. திருப்பி ஒப்படைப்பது வெட்கமில்லை. தெருவில் இறக்கிவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஒப்படைக்கும்போது நீங்கள் கண்டுபிடித்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எதற்குப் பயம், எத்தனை அடி தூரம், என்ன தின்பண்டம், எங்கே தொட்டால் பிடிக்காது. அடுத்து எடுக்கிறவருக்கு நாயோடு கொடுக்கக்கூடியதில் அதைவிட உருப்படியானது எதுவுமில்லை.

என் தாளில் இன்னும் ஒரு வரி அழியாமல் இருக்கிறது. தென்னந்துடைப்பம். யாரோ எப்போதோ அதனால் அடித்திருக்க வேண்டும், தரையில் அது உராயும் சத்தம் கேட்டாலே ரோசி கட்டிலுக்கடியில் போய்விடுவாள். ஒன்றரை வருடத்தில் வெள்ளையனோடு பத்தடியில் நிற்கிறாள், ஹெல்மெட்டுக்கு ஒரு குரையோடு நிறுத்திக்கொள்கிறாள். துடைப்பம் மட்டும் அப்படியே. அதனால் அதை வீட்டுக்கு வெளியே, படிக்கட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். கூடத்தைப் பெருக்குவது அவள் மாடியில் ஈரல் தேடிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்தில்.